கேளுங்கள், சொல்கிறோம்: காகிதப் பட்டையில் மரபணுச் சோதனை

மரபணுச் சோதனை என்றதும் பெரிய மெஷின், ஏ.சி. அறை, ஆயிரக்கணக்கில் பில் என்றுதான் மனசு போகும். வடிதாளையும் ஸ்ட்ரிப்பையும் வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்யும் முறைகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் ரத்தசோகையைப் பற்றித்தான் கேள்விகள் அதிகம். காகிதப் பட்டைக்கு அதைவிடப் பொருத்தமான நோய் கிடைப்பது கடினம். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

கேள்வி: கர்ப்பம் பார்க்கும் பட்டையும் மரபணு பார்க்கும் பட்டையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. உள்ளே என்ன வித்தியாசம்?
– லேப் டெக்னீஷியன், கூடலூர்

பிளாஸ்டிக் கூட்டைப் பிரித்துப் பார்த்தால் உடம்பு ஒன்றுதான். சுமார் 4 மி.மீ. அகலமுள்ள பிளாஸ்டிக் அட்டையில் நான்கு துண்டுகள் ஒட்டியிருக்கும். ஓட்டுக்கூரையில் ஓடு ஏறியிருப்பதுபோல ஒன்றன் விளிம்பில் இன்னொன்று ஓரிரு மி.மீ. ஏறியிருக்கும். முதலில் சாம்பிள் விடும் பட்டை. அடுத்தது கண்ணாடி இழைத் துண்டு. தங்கத் துகள் காய்ந்து கிடப்பது அதில்தான். தங்கம் என்றதும் மஞ்சளைத் தேடாதீர்கள். 40 நானோமீட்டர் அளவுக்குப் பொடியானால் தங்கம் செக்கச்செவேல் என்று மாறிவிடும். மூன்றாவது, வெள்ளை நைட்ரோசெல்லுலோஸ் சவ்வு. கண்ணுக்குத் தெரியாத இரண்டு கோடுகள் அதில் போடப்பட்டிருக்கும்: தேடும் பொருளைக் காட்டும் டெஸ்ட் கோடு, பட்டை ஒழுங்காக ஓடியதைக் காட்டும் கன்ட்ரோல் கோடு. கடைசியில், வந்து சேர்வதையெல்லாம் குடிக்கும் தடித்த உறிஞ்சுதாள். இந்தத் துண்டுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி விழுந்தாலும் திரவம் அங்கேயே நின்றுவிடும். கன்ட்ரோல் கோடு வராமல் போனால் முதலில் கூட்டின் மேல்மூடி நன்றாக அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

வித்தியாசம் பட்டைக்கு வெளியே இருக்கிறது. கர்ப்பப் பட்டை தேடும் எச்.சி.ஜி. புரதம் சிறுநீரில் போதுமான அளவு இருக்கிறது. ஒரு சொட்டு ரத்தத்திலுள்ள டி.என்.ஏ.வோ பட்டைக்குத் தெரியாத அளவுக்குக் குறைவு. அதனால் நமக்கு வேண்டிய துண்டை மட்டும் முதலில் கோடிக்கணக்கில் பெருக்க வேண்டும். பெருக்கும்போதே ஒரு நுனியில் பயோட்டின், மறுநுனியில் ஃபாம் என்று இரண்டு கொக்கிகளை மாட்டிவிடுவார்கள். தங்கத் துகள் ஃபாமைப் பிடிக்கும். டெஸ்ட் கோட்டிலுள்ள ஸ்ட்ரெப்டவிடின் பயோட்டினைப் பிடிக்கும். இரண்டு கொக்கியும் உள்ள துண்டு கோட்டில் மாட்டும்போது கூடவே தங்கமும் வந்து நிற்கிறது. அதுதான் நாம் பார்க்கும் சிவப்பு.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் இரண்டு பிரைமர்களில் ஒன்றில் பயோட்டின் இருக்கும், இன்னொன்றில் ஃபாம் இருக்கும். அவை நோயாளியின் டி.என்.ஏ.வை விட்டுவிட்டுத் தங்களுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு பெருகினாலும் அந்தக் குட்டித் துண்டில் இரண்டு கொக்கியும் இருக்குமே! பட்டைக்கு இது புரியாது, கோட்டைக் காட்டிவிடும். ஒவ்வொரு தொகுதிச் சோதனையிலும் சாம்பிளுக்குப் பதில் சுத்தமான தண்ணீர் விட்ட குழாய் ஒன்றை ஓட்டச் சொல்வது இதற்காகத்தான். அதில் கோடு வந்தால் அன்றைய முடிவுகள் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்யுங்கள்.

கேள்வி: மனித டி.என்.ஏ.வின் முந்நூறு கோடி எழுத்துகளில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் காகிதம் எப்படிக் கண்டுபிடிக்கும்?
– பயோடெக்னாலஜி மாணவி, கோவை

காகிதம் கண்டுபிடிப்பதில்லை, காட்டிக்கொடுக்கிறது. எழுத்தைப் படிக்கும் வேலையைச் செய்வது அதற்கு முன்னால் வரும் புரதம்.

அரிவாள் செல் நோயில், ஹீமோகுளோபினின் ஒரு பகுதியைச் செய்யும் பீட்டா குளோபின் மரபணுவின் 6-வது குறிச்சொல்லில் (மூன்றெழுத்துச் சொல்) ஜி.ஏ.ஜி. என்பது ஜி.டி.ஜி. ஆகிறது. ஒரு 'ஏ', 'டி' ஆகிவிட்டது, அவ்வளவுதான். டெல்லியிலுள்ள சி.எஸ்.ஐ.ஆர்.–ஐ.ஜி.ஐ.பி. ஆய்வு நிறுவனத்தில் தேபோஜ்யோதி சக்ரவர்த்தி, சௌவிக் மைத்தி குழு உருவாக்கிய 'ஃபெலூடா' முறை இந்த மாதிரி ஓரெழுத்து வித்தியாசத்தைப் பிடிக்கவே ஏற்றது. பிரான்சிசெல்லா நோவிசிடா என்ற பாக்டீரியாவின் காஸ்9 புரதம் அதில் இருக்கிறது. எதைத் தேட வேண்டும் என்று சொல்லும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வோடு ஓரெழுத்து பொருந்தாவிட்டாலும் டி.என்.ஏ.வைப் பற்ற மறுக்கும் பிடிவாதக்காரப் புரதம் அது. பெருக்கிய டி.என்.ஏ.வில் பயோட்டின், வழிகாட்டி ஆர்.என்.ஏ.வில் ஃபாம். புரதம் பற்றினால்தான் இரண்டு கொக்கியும் ஒரே இடத்துக்கு வரும். முன்பு சொன்ன பிரைமர் தொல்லைக்கும் இது பெரிய அளவில் மருந்து. 2020-ல் கோவிட் சோதனையாக அனுமதி பெற்று வெளிவந்ததால் பெயர் பரவியது. கோவிட் வருவதற்கு முன்பே அந்தக் குழு அரிவாள் செல் திரிபில் இதை வேலை செய்ய வைத்துக்கொண்டிருந்தது.

அமெரிக்காவில் 2017-ல் வந்த ஷெர்லாக், 2018-ல் வந்த டிடெக்டர் முறைகள் வேறு வழி. அவற்றிலுள்ள காஸ்13, காஸ்12 புரதங்கள் இலக்கைக் கண்டதும் வெறிபிடித்ததுபோல் அருகிலுள்ள துணுக்குகளையும் வெட்டித்தள்ளும். பயோட்டினையும் ஃபாமையும் இணைக்கும் சின்னத் துணுக்கு ஒன்றைக் கரைசலில் போட்டு வைப்பார்கள். அது வெட்டப்படாமல் இருந்தால் தங்கம் முதல் கோட்டில் நிற்கும். வெட்டப்பட்டால் தங்கம் தாண்டிப் போய் இரண்டாவது கோட்டில் நிற்கும். செய்துபார்க்கும் மாணவர்கள் வழுக்குவது இங்கேதான். துணுக்கின் அளவு குறைந்தால் அதைப் பிடிக்காத தங்கம் மிச்சப்பட்டு, நோயில்லாத சாம்பிளிலும் இரண்டாவது கோடு மங்கலாகத் தெரியும். துணுக்கின் அளவைப் படிப்படியாக ஏற்றி, தண்ணீர்க் குழாயில் அந்தக் கோடு மறையும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டுப் பிறகு சாம்பிளைத் தொடுங்கள்.

கேள்வி: காகிதம் சில பைசாதான் என்கிறார்கள். பிறகு சோதனை ஏன் அந்த விலைக்கு வருவதில்லை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள் ஐயா. 2 மி.மீ. அகலம், 44 மி.மீ. நீளத்தில் பட்டை வெட்டினால் ஏ4 அளவு வடிதாள் ஒன்றில் 600-க்கு மேல் கிடைக்கும். ஆனால் கல்யாணச் செலவில் வாழையிலைக்கு என்ன பங்கோ அதுதான் சோதனைச் செலவில் காகிதத்தின் பங்கு. பணம் போவது என்சைமுக்கு, கொக்கி மாட்டிய பிரைமருக்கு, அவற்றை மைனஸ் 20 டிகிரியில் ஊருக்கு ஊர் கொண்டுசேர்ப்பதற்கு, ஒவ்வொரு தொகுதியோடும் ஓட்ட வேண்டிய கன்ட்ரோல் குழாய்களுக்கு.

குளிர்பெட்டியைத் தவிர்க்க என்சைமை உறைய வைத்து உலர்த்தி, டிரெஹலோஸ் சர்க்கரையோடு பொடியாகவோ காகிதத்திலேயோ வைக்கலாம். 2014-ல் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் காலின்ஸ் குழு செல்லின் உள்சரக்கையே காகிதத்தில் உலர்த்தி, தண்ணீர் விட்டதும் வேலை செய்யவைத்தது. கேட்க எளிது. செய்யப்போனால், கடையில் வாங்கும் என்சைம் பாதிக்குப் பாதி கிளிசராலில் வருகிறது. கிளிசரால் இருந்தால் அது உலரவே உலராது, பிசுபிசுவென்று நிற்கும். கிளிசரால் இல்லாத என்சைம் தனியாக வாங்க வேண்டும். அதற்கு விலை வேறு. ஆகவே எந்தக் கிட்டை விற்க வந்தாலும் காகிதத்தின் விலையை விடுங்கள். குளிர்பெட்டி வேண்டுமா, ஒரு முடிவுக்கு எத்தனை குழாய் செலவாகும், சந்தேகமான முடிவை உறுதிசெய்ய மறுபடி எங்கே அனுப்ப வேண்டும் என்ற மூன்றையும் கேளுங்கள்.

கேள்வி: அரிவாள் செல் முகாமில் ஒரு கம்பெனி பட்டையில் கோடு வந்தால் 'இருக்கிறது' என்கிறார்கள், இன்னொன்றில் கோடு வந்தால் 'இல்லை' என்கிறார்கள். எதை நம்புவது?
– கிராம சுகாதார செவிலியர், நீலகிரி மாவட்டம்

இரண்டும் சரிதான் சகோதரி. ஆனால் ஒரே மேஜையில் இரண்டையும் வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள்.

ஹீமோகுளோபினில் 'ஏ' இயல்பானது, 'எஸ்' அரிவாள் செல்லுடையது, 'சி' இன்னொரு திரிபு. 'சிக்கிள் ஸ்கேன்' வகைப் பட்டையில் எந்த ஹீமோகுளோபின் இருக்கிறதோ அதன் இடத்தில் கோடு விழும். 'ஹீமோடைப்எஸ்சி' போட்டி முறையில் வேலை செய்வது. எந்த ஹீமோகுளோபின் இருக்கிறதோ அதன் இடத்தில் கோடு விழாது. அதாவது நல்ல ரத்தமுள்ளவருக்கு 'ஏ' இடத்தில் கோடு இருக்காது, 'எஸ்', 'சி' இடங்களில் இருக்கும். பழக்கமில்லாதவர் பார்த்தால் தலைகீழாக எழுதிவிடுவார். பட்டை மாறும் நாளில் பழைய விளக்கப்படத்தைச் சுவரிலிருந்து கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். ரெஜிஸ்டரில் 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்று எழுதாமல் ஏஏ (இயல்பு), ஏஎஸ் (ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் 'எஸ்'), எஸ்எஸ் (இருவரிடமிருந்தும் 'எஸ்', அதாவது நோய்) என்றே எழுதுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

இன்னொன்று. இவை இரண்டுமே மரபணுவைப் பார்ப்பதில்லை, மரபணு செய்த புரதத்தைப் பார்க்கின்றன. அதனால் சில இடங்களில் ஏமாறும். மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால், எஸ்எஸ் நோயாளியின் உடம்பில் ஓடும் தானம் தந்தவரின் சிவப்பணு 'ஏ'யைக் காட்டி, ஏஎஸ் போலத் தெரியவைக்கும். டி.என்.ஏ. வருவது வெள்ளணுவிலிருந்து என்பதால் மரபணுச் சோதனை இதில் அவ்வளவாக ஏமாறாது. மறுபக்கம், ஒரு பெற்றோரிடமிருந்து அரிவாள் செல்லும் இன்னொருவரிடமிருந்து 'ஏ'யை அறவே செய்யாத பீட்டா தலசீமியாவும் (இன்னொரு பரம்பரை ரத்த நோய்) வந்த குழந்தை, பட்டையில் அச்சாக எஸ்எஸ் மாதிரியே இருக்கும். ஆகவே எஸ்எஸ் என்று வந்தால் எச்.பி.எல்.சி.க்கு (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் லேப் சோதனை) அனுப்புவதோடு அப்பா, அம்மா இருவரையும் பாருங்கள்.

பழைய கரைதிறன் சோதனையைக் காகிதத்தில் செய்யும் முறையும் உண்டு. டைதயோனைட்டும் சப்போனினும் கலந்த கரைசலில் ரத்தத்தைக் கலந்து, சில நிமிடம் கழித்து ஒரு சொட்டைக் குரோமட்டோகிராபி தாளில் விடுவார்கள். நல்ல ஹீமோகுளோபின் கரைந்து தாளெங்கும் சீராகப் பரவும். 'எஸ்' திரண்டு கட்டியாகி நடுவிலேயே சிக்கி அடர்சிவப்புப் பொட்டாக நிற்கும், சுற்றி வெளிறிய வளையம். குங்குமம் வைத்தாற்போல. பார்க்க அழகான சோதனை. ஆனால் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குச் செய்யாதீர்கள். பிறந்த குழந்தையிடம் கருக்கால ஹீமோகுளோபினே மேலோங்கியிருக்கும்; 'எஸ்' திரளும் அளவுக்கு இராது. கடுமையான ரத்தசோகை இருந்தாலும் இதே கதைதான்.

இந்தியாவில் அரிவாள் செல்லை முதலில் பதிவு செய்தது உங்கள் நீலகிரியில்தான். 1952-ல் லேமான், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அங்குள்ள பழங்குடியினரிடம் கண்டு எழுதினார்கள். 2023 ஜூலை 1-ல் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய தேசிய இயக்கம், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதித்து 2047-க்குள் நோயை ஒழிக்கக் குறி வைத்திருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு முதல் வடிகட்டியாக மலிவான பட்டை போதும். மரபணுச் சோதனை வேண்டியிருப்பது பட்டை தடுமாறும் இடங்களில்தான்.

கேள்வி: ரத்தத்தை வடிதாளில் உலர்த்தி அனுப்பச் சொல்கிறார்கள். அடிக்கடி 'மாதிரி ஏற்கத்தக்கதல்ல' என்று திரும்பி வருகிறது. என்ன தப்பு செய்கிறோம்?
– செவிலியர், தர்மபுரி

திரும்பி வரும் அட்டைகளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தப்பு அதிலேயே எழுதியிருக்கும். பொட்டைச் சுற்றி வெளிறிய வளையம் இருந்தால் ஸ்பிரிட் காய்வதற்கு முன் குத்தியிருக்கிறீர்கள், அல்லது விரலைப் பிழிந்து நிணநீரைக் கலந்திருக்கிறீர்கள். முன்பக்கம் சிவப்பாகவும் பின்பக்கம் திட்டுத்திட்டாகவும் இருந்தால் ரத்தம் போதவில்லை. பொட்டுக்குள் இரண்டு அடுக்கு நிறம் இருந்தால் ஒரு சொட்டு காய்ந்தபின் அதன்மேல் இன்னொன்று விட்டிருக்கிறீர்கள்.

பெரியவர்களுக்கு மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். பச்சைக் குழந்தைக்குக் குதிகாலின் வெளி ஓரம் அல்லது உள் ஓரம், 2 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகக்கூடாது. நடுக்குதிகாலில் எலும்பு மேலாக இருக்கிறது, அங்கே வேண்டாம். குத்துவதற்கு முன் வெதுவெதுப்பான துணியில் சற்றுநேரம் சுற்றிவைத்தால் பிழிய வேண்டியதே இல்லை. ஸ்பிரிட் காயட்டும். முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். அடுத்த பெரிய சொட்டில் தாளை மெல்லத் தொட்டால் போதும். ஒரு வட்டம் ஒரே தொடுதலில் நிறைந்து பின்பக்கம் வரை ஊற வேண்டும். தோலைத் தாளில் அழுத்தாதீர்கள். பின்பக்கத்திலிருந்து ரத்தம் தொடாதீர்கள்.

அதன்பின் உலர்த்துவது. அட்டையைப் படுக்கைவாட்டில், பொட்டு எதிலும் படாமல், நிழலில் குறைந்தது 3 மணி நேரம் வையுங்கள். மழைக்காலத்தில் ராத்திரி முழுக்க. ஹேர் டிரையர், வெயில், ஃபேனுக்கு நேரே எதுவும் கூடாது. காப்பிப்பொடி நிறத்துக்கு வந்ததும் ஒவ்வோர் அட்டைக்கும் நடுவே தாள் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் போடுங்கள். சிலிக்கா இல்லாமல் ஜிப் கவரில் போடுவது, கவரே இல்லாமல் அனுப்புவதைவிட மோசம். ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுப் பூஞ்சை பிடிக்கும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றிவிடுங்கள்.

இவ்வளவு கறார் எதற்கு? லேபில் ஒரு பொட்டிலிருந்து குத்தியெடுக்கும் வில்லை 3.2 மி.மீ. குறுக்களவுதான். அதில் அடங்குவது சுமார் 3 மைக்ரோலிட்டர் ரத்தம். சிவப்பணுவில் உட்கரு கிடையாது, டி.என்.ஏ. முழுக்க வெள்ளணுவிலிருந்து வர வேண்டும். மைக்ரோலிட்டருக்கு 5,000 என்று வைத்தாலும் 15,000 வெள்ளணு. ஒரு வெள்ளணுவுக்கு இரண்டு என்று மரபணுவின் 30,000 பிரதிகள் தாராளம்தான், தாள் நன்றாக ஊறியிருந்தால். பொட்டு பாதி ஊறியிருந்தால் எந்த ஓரத்தில் குத்தினோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். லேப்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒரு சாம்பிளுக்கும் அடுத்ததற்கும் நடுவே அதே துளைப்பானால் வெற்றுத்தாளில் இரண்டு மூன்று தடவை குத்துங்கள். நரம்பிலிருந்து எடுத்த ரத்தமென்றால் இ.டி.டி.ஏ. குழாய் சரி. ஹெப்பரின் குழாய் கூடாது, அது பெருக்கும் என்சைமை முடக்கிவிடும்.

கேள்வி: மின்சாரம் இல்லாத இடத்தில் டி.என்.ஏ.வைப் பெருக்க முடியுமா?
– தன்னார்வலர், ஊட்டி

டி.என்.ஏ.வைப் பெருக்கும் வழக்கமான முறையான பி.சி.ஆர். வேண்டுமென்றால் 95, 60, 72 டிகிரி என்று சூட்டை முப்பது நாற்பது தடவை ஏற்றி இறக்க வேண்டும். மெஷின் இல்லாமல் ஆகாது. 2000-ல் ஜப்பானில் வெளியான 'லேம்ப்' முறைக்கு 65 டிகிரி என்ற ஒரே சூடு 30 முதல் 60 நிமிடம் போதும். 'ஆர்.பி.ஏ.' இன்னும் சாது. 37 முதல் 42 டிகிரியில் 20 நிமிடம். ஆனால் ஆர்.பி.ஏ. ஓரெழுத்து வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் பெருக்கிவிடும் சுபாவம் கொண்டது, அரிவாள் செல்லுக்கு அது மட்டும் போதாது, பின்னால் காஸ் புரதம் வேண்டும். ஆர்.பி.ஏ.யில் மெக்னீசியத்தைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும்; சேர்த்த நொடியே வேலை தொடங்கிவிடும். நாலாவது நிமிடம் குழாயை ஒரு தடவை தட்டிக் கலக்கவும். கரைசல் கொழகொழவென்று இருப்பதால் கலக்காவிட்டால் ஒரே இடத்தில் தேங்கும்.

லேம்புக்குச் சோறு சூடாக வைக்கும் ஸ்டீல் பிளாஸ்கே போதும். சென்னையில் கொதிநீரும் 30 டிகிரிக் குழாய்த் தண்ணீரும் சமபங்கு கலந்தால் கணக்குப்படி 65 வரும். ஊட்டியில் இந்தக் கணக்கு உதவாது. 2,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும், குழாய்த் தண்ணீரும் 15 டிகிரிக்கு வந்துவிடும். அங்கே கொதிநீர் இரண்டு பங்கு, பச்சைத் தண்ணீர் ஒரு பங்கு. 67 டிகிரி வரும், பாத்திரம் குடிக்கும் சூடு போக 65-ஐ ஒட்டி நிற்கும். பிளாஸ்கை முதலில் வெந்நீரால் அலசிச் சூடேற்றிவிடுங்கள். தெர்மாமீட்டர் இல்லாமல் செய்யாதீர்கள். வெறும் தண்ணீரை வைத்து ஒரு மணி நேரத்தில் எத்தனை டிகிரி இறங்குகிறது என்று ஒருநாள் பார்த்துக்கொண்டால் அப்புறம் பயமில்லை. ரத்தத்தை 95 டிகிரியில் 5 நிமிடம் வேகவைக்கச் சொல்லும் கிட்டுகள் உங்கள் ஊரில் அந்தச் சூட்டை எட்டவே எட்டாது. 10 நிமிடமாக நீட்டலாமா என்பதைத் தெரிந்த சாம்பிளில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

நிறம் மாறும் லேம்ப் வாங்கினால், அது அமிலத்தன்மையைப் பார்த்து இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளாகிறது என்பதை மறக்க வேண்டாம். சாம்பிளே கொஞ்சம் புளித்திருந்தால் போட்டவுடன் மஞ்சளாகிவிடும். சாம்பிளோடு அமிலத்தை அடக்கும் டிரிஸ் கரைசல் அதிகம் வந்துவிட்டால் எவ்வளவு பெருகினாலும் நிறம் மாறாது. சிவப்பான ரத்தத்தில் இந்த நிறத்தைப் படிப்பதும் சிரமம், பட்டைக்கு மவுசு வந்தது அதனால்தான்.

கேள்வி: டி.என்.ஏ. பிரிக்கும் கிட் வாங்க எங்கள் கல்லூரிக்கு வசதியில்லை. வடிதாளை வைத்தே பிரிக்கலாம் என்று படித்தோம். உண்மையா?
– இளங்கலை மாணவர்கள், திருநெல்வேலி

உண்மை. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகக் குழு 2017-ல் வெளியிட்டது. முப்பது நொடி வேலை. வாட்மேன் 1-ஆம் எண் வடிதாளை உருகிய மெழுகில் நனையுங்கள். ஒரு விளிம்பில் 4 மி.மீ. மட்டும் மெழுகு படாமல் விடுங்கள். மெழுகு ஆறியதும் 2 மி.மீ. அகலமும் 44 மி.மீ. நீளமுமாகக் குச்சிகளாக நறுக்குங்கள். மெழுகுப் பகுதி கைப்பிடி, நுனியிலுள்ள வெள்ளைப் பகுதி டி.என்.ஏ. பிடிக்கும் இடம். இலைத் துண்டைச் செல்லை உடைக்கும் கரைசலில் நசுக்கி, குச்சியை அதில் மூன்று முக்கு. பிறகு கழுவும் கரைசலில் மூன்று முக்கு; 10 மில்லிமோலார் டிரிஸ், 0.1 சதவீதம் ட்வீன்-20. கடைசியில் பெருக்கும் கலவையில் மூன்று முக்கு முக்கிக் குச்சியை எறிந்துவிடுங்கள். செல்லுலோஸ் டி.என்.ஏ.வைச் சட்டென்று பற்றும், கழுவும்போதும் விடாது. என்சைமைக் கெடுக்கும் அழுக்கு கழுவலில் போய்விடுகிறது.

கெடுவது பெரும்பாலும் மெழுகில். மெழுகு அதிகச் சூடாக இருந்தால் தாளில் ஏறிக்கொண்டே போய் வெள்ளைப் பகுதியையும் விழுங்கிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரை நுனியில் தொட்டுப் பாருங்கள். உறிஞ்சாமல் முத்தாக நின்றால் அந்தக் குச்சி வீண். வெள்ளைப் பகுதியைப் பெரிதாக விட்டால் டி.என்.ஏ. அதிகம் கிடைக்கும் என்று நினைத்து 10 மி.மீ. விடாதீர்கள். பெருக்கும் கலவையில் கூடுதலான பங்கைக் குச்சியே குடித்துவிட்டு வெளியேறும். இலையைக் கூழாகக் கரைத்தாலும் பச்சையம் மண்டிக் கழுவல் போதாது, சோற்றுப்பருக்கை அளவு போதும். தாளில் திரவம் ஏறும் கணக்கையும் வகுப்பில் செய்து காட்டலாம். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நாலு மடங்கு.

இது பாடத்துக்கு. சக மாணவரின் ரத்தத்தை எடுத்து 'உனக்கு இருக்கிறது' என்று சொல்லும் விளையாட்டு வேண்டாம்.

கேள்வி: மே மாத வெயிலிலும் ஐப்பசி மழையிலும் பட்டைகள் கெட்டுப்போகுமா?
– மருந்துக்கடைக்காரர், நாகப்பட்டினம்

ஃபாயில் உறை பிரியாமல், பெட்டியில் போட்ட சூட்டு வரம்புக்குள் இருந்தால் கெடாது. பெரும்பாலானவை 30 டிகிரி வரை என்றுதான் போட்டிருக்கும். மே மாதம் மூடிய கடைக்குள் அது தாண்டிவிடும். அதற்காக ஃபிரிட்ஜில் வைத்து, எடுத்தவுடன் உறையைக் கிழித்தால் சில்லென்ற பட்டையில் காற்றின் ஈரம் படியும். தங்கத் துகள் திரண்டு கருநீலமாகி ஓடாமல் நிற்கும். அரைமணி நேரம் வெளியில் வைத்துவிட்டுக் கிழியுங்கள். கிழித்ததும் செய்துவிடுங்கள். இன்னொன்று, போட்ட நேரத்துக்குமேல் முடிவைப் படிக்காதீர்கள். பட்டை காயும்போது உறிஞ்சுதாளிலிருந்து தங்கம் திரும்பி வந்து இல்லாத கோட்டைப் போடும்.

கேள்வி: ஒரே பட்டையில் நூறு மரபணு நோய் கண்டுபிடிப்பதாக விளம்பரம் வருகிறதே? வயிற்றுக் குழந்தையைப் பற்றிக்கூடச் சொல்லுமாம்.
– இல்லத்தரசி, சேலம்

வாங்காதீர்கள் அம்மா. ஒரு கோடு ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். அரிவாள் செல்லில் நோயாளி எல்லாருக்கும் மாறியிருப்பது அதே ஓரெழுத்து, ஆகவே ஒரு கோடு போதும். பீட்டா தலசீமியாவை எடுத்துக்கொண்டால் அதே மரபணுவில் 200-க்கும் மேற்பட்ட திரிபுகள் உலகெங்கும் பதிவாகியிருக்கின்றன. இந்தியாவில் ஐந்து திரிபுகள் பெரும்பான்மை என்றாலும், அந்த ஐந்தும் இல்லை என்று வந்தால் 'நோயில்லை' என்று சொல்லிவிட முடியாது. வயிற்றுக் குழந்தை ஆணா பெண்ணா என்று எந்தக் கிட்டில் பார்ப்பதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: இதெல்லாம் ஆராய்ச்சியில்தானா, அரசு எதிலாவது பயன்படுத்துகிறதா?
– கல்லூரி மாணவர், மதுரை

காசநோய்த் திட்டத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறது. 'லைன் ப்ரோப் அசே' என்று கேட்டுப் பாருங்கள். நைட்ரோசெல்லுலோஸ் பட்டையில் 27 கோடுகள். ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் மருந்துக்குக் கிருமி அடங்காமல் போகவைக்கும் மரபணுத் திரிபுகளைக் காட்டும். 2008-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இயல்பான மரபணுவுக்கான கோடு மறைந்து, திரிபுக்கான கோடு தோன்றினால் மருந்து கேட்காது என்று பொருள். இயல்புக்கோடு மறைந்து திரிபுக்கோடும் வரவில்லை என்றால், பட்டியலில் இல்லாத ஒரு திரிபு இருக்கலாம். பட்டை மலிவு என்றாலும் பெருக்குவதற்குத் தனித்தனி அறைகள் வேண்டியிருப்பதால் பெரிய லேபுகளில்தான் செய்கிறார்கள்.

கேள்வி: காகிதத்தில் ரத்தம் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் இருப்பது உண்மையா?
– எட்டாம் வகுப்பு மாணவன், விருதுநகர்

சோடா மூடியைத் தட்டையாக்கி, இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து, இழுத்து இழுத்து 'கிர்ர்' என்று சுற்றியிருக்கிறாயா தம்பி? அதேதான். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு 2017-ல் வெளியிட்ட 'பேப்பர்ஃபியூஜ்'. விலை 20 சென்ட், வேகம் நிமிடத்துக்கு 1,25,000 சுற்று. மெல்லிய குழாயில் அடைத்த ரத்தத்தை ஒன்றரை நிமிடத்தில் பிரித்துவிடும். தண்ணீரில் கலர் பொடி கலந்து முயன்று பார்க்கலாம். ரத்தம் வேண்டாம், குழாய் விட்டுப்போனால் முகத்தில்தான் தெறிக்கும்.

கேள்வி: பயன்படுத்திய பட்டைகளையும் குழாய்களையும் என்ன செய்வது?
– லேப் உதவியாளர், ஈரோடு

குத்திய ஊசி, ஓட்டை விழாத வெள்ளை டப்பாவுக்கு. ரத்தம் ஊறிய பஞ்சு மஞ்சள் பையில், பிளாஸ்டிக் கூடு சிவப்புப் பையில். இது உங்களுக்குத் தெரிந்ததே. மரபணுச் சோதனையில் கூடுதலாக இரண்டு எச்சரிக்கை.

பெருக்கி முடிந்த குழாயைத் திறப்பதுதான் இந்தத் தொழிலில் மிகப்பெரிய ஆபத்து, ஆளுக்கல்ல, அடுத்த முடிவுக்கு. ஒரு குழாயில் கோடானுகோடிப் பிரதிகள். மூடியைத் திறக்கும் 'டப்' சத்தத்தோடு கண்ணுக்குத் தெரியாத திவலை பறந்து மேஜையில், கையுறையில், பிப்பெட்டில் உட்கார்ந்தால் அன்றிலிருந்து தண்ணீர்க் குழாயிலும் கோடு வரும். பட்டையில் பார்க்க வேண்டுமானால் திறந்துதான் ஆக வேண்டும் என்பதே இம்முறையின் பெரிய பலவீனம்; குழாயையும் பட்டையையும் மூடிய கூட்டுக்குள்ளேயே சேர்த்துவைக்கும் கிட் கிடைத்தால் சில ரூபாய் அதிகமானாலும் அதையே வாங்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கலவை தயாரிக்கும் மேஜை ஒரு அறையில், பட்டை பார்க்கும் மேஜை வேறு அறையில். இங்கிருந்து அங்கே போகலாம், அங்கிருந்து அதே லேப் அங்கியோடும் கையுறையோடும் இங்கே வரக்கூடாது. மேஜையைப் பத்தில் ஒரு பங்கு பிளீச்சால் துடைத்து, பத்து நிமிடம் விட்டு, பிறகு தண்ணீரால் துடையுங்கள். முடிந்த குழாய்களை மூடியபடியே இரட்டை ஜிப் கவரில் கட்டி அனுப்புங்கள். ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் பாத்திரம்) போட வேண்டாம்; சூட்டில் மூடி பிய்த்துக்கொண்டு அறை முழுக்கப் பரப்பிவிடும்.

இரண்டாவது, செல்லை உடைக்கும் கரைசலில் குவானிடின் இருக்கிறதா என்று பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். இருந்தால் அதன்மேல் பிளீச் படவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். அது சிந்தினால் முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்தெடுத்து, கழிவைத் தனி பாட்டிலில் சேருங்கள்.